நெலம் பாக்கணும்னா பங்குனியில வந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுல இருந்து திரும்புறவங்க, சென்னை பெங்களூருல வேலைய விட்டுட்டு வர்றவங்கன்னு பல பேரு நம்ம குமரி மாவட்டத்துல கொஞ்சம் நெலம் வாங்கி, சின்னதா வீடு கட்டி, சாப்பாட்டுக்கு உள்ளத அதுலயே விளைய வச்சு இருந்துக்கலாம்னு தேடிட்டு இருக்காங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா எல்லாரும் மொதல்ல கேக்குறது சென்ட் என்ன விலைன்னுதான். புரோக்கரும் ஆனி ஆடியில மழை பெய்து பாசன சானல்ல தண்ணி நிறைஞ்சு ஓடுற நேரமா பாத்துக் கூட்டிட்டுப் போவாரு, அப்ப எந்த விளைய, அதாவது தோட்ட நெலத்த, பாத்தாலும் பச்சப்பசேல்னுதான இருக்கும்.

என் தம்பி அப்படித்தான் மேட்டுல 40 சென்ட் வாங்கினான், பக்கத்து இடத்த விட விலை குறைவுன்னு. பேச்சிப்பாறை அணைத் தண்ணிய வழக்கமா பிப்ரவரி கடைசியில அடைச்சா பிறகு ஜூன்லதான் தொறப்பாங்க. சானல் வத்தினதும் கெணத்துல ஊத்து இறங்கிருச்சு, ஆழப்படுத்தலாம்னு தோண்டினா பாறை, பங்குனி மாசம் குடிக்கிறதுக்கே கொடத்துல சுமந்தோம். அதவிட வேதனை வழி. வாங்கும்போது நடந்து போன பாதை அடுத்தவரோட விளைக்குள்ள கிடக்கு, பத்திரத்துல வழி பாத்தியதை, அதாவது அதுவழியா போய்வர்ற உரிமை, பத்தி ஒரு வரி கூட இல்ல, அவரு வேலி போட்ட அன்னைக்குத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. அப்புறம் வழிக்குன்னு தனியா 3 சென்ட் வாங்கினோம், அதோட குறைஞ்ச விலைங்கற பேச்சே போச்சு.

ஒரு குடும்பம் சாப்பிட ஏக்கர் கணக்குல வேண்டாங்க. தென்னை 25 அடி இடைவெளியில வச்சா ஏக்கருக்கு 70 வரும், 30 சென்டுல வீடு கெணறு போக 12, 13 மரமாவது நிக்கும். அதுக்கு இடையில மரச்சீனி (மரவள்ளி), சேம்பு, காச்சில் கிழங்கு, மட்டி வாழை, ஓரத்துல ஒரு சக்கை (பலா), ஒரு சீமச்சக்கை (கறிப்பலா), தென்னையில ஏத்திவிட்ட நல்லமிளகு. எங்க பாட்டி இதவச்சுத்தான் ஏழு பிள்ளைகள வளத்தாங்க, அரிசி மட்டும் வெளிய வாங்குவாங்க. பெரிய மரத்த வீட்டுக்குப் பக்கத்துல நட்டுறாதீங்க, 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடிச்சப்ப ரப்பரும் வாழையும் எப்படி சாஞ்சு கிடந்துதுன்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும்.

ஆரல்வாய்மொழி பக்கம் பாக்குறவங்க ஒண்ணு கவனிங்க, மேற்க பெய்யுற அளவு மழை அங்க கிடையாது, கணவாய்க் காத்துல வாழை நிக்கிறதும் கஷ்டம். வயல வாங்கி வீடு கட்டணும்னா நிலவகை மாத்த அனுமதி வேணும். மலையடிவாரத்துல 1949-ம் வருஷத்து தனியார் காடுகள் சட்டத்துக்குள்ள வர்ற இடம் உண்டு, அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னால தாலுகா ஆபீஸ்ல சர்வே நம்பர சொல்லிக் கேட்டுருங்க. வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்காவது போட்டுப் பாக்கணும், புலப்படத்த (எல்லை அளவு போட்ட சர்வே வரைபடம்) கையில வச்சுகிட்டு கல்லு கல்லா அளந்தும் பாக்கணும்.

உங்க பேப்பர்ல வர்ற நெல விளம்பரத்துல மெயின் ரோட்டுல இருந்து எத்தன கிலோமீட்டர்னு மட்டும் போடுறாங்க. பங்குனியில கெணத்துல எத்தன அடி தண்ணி நிக்கும், பத்திரப்படி வழி எத்தன அடி அகலம், இந்த ரெண்டையும் சேத்துப் போடச் சொல்லி விக்கிறவங்ககிட்ட நீங்க கேக்கணும்.

இப்படிக்கு,
திருவட்டார் வாசகர்