தமிழ்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

பொங்கல் விழா நல்லபடியாக நடந்தது. சித்திரை விழாவில் சாப்பாடு போதவில்லை என்ற புகார் குறித்துக்கொள்ளப்பட்டது. முன்பதிவு செய்யாமல் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் குறித்துக்கொள்ளப்பட்டது. கோடைப் பிக்னிக் மழையால் பாதியில் கலைந்தது. நவராத்திரி, தீபாவளி இரண்டும் சிறப்பு. செயற்குழு அவ்வப்போது கூடியது.

இனி லீஜியன்வில் பயணம். இதைப் பற்றிச் சிலர் என்னிடம் நேரிலும், பலர் என் முதுகுக்குப் பின்னாலும் பேசியதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஓஹையோ நதியை ஒட்டி 65ஆம் சாலையில் சுமார் 20 மைல் போனால், ஆம்பிரிட்ஜுக்கும் பேடனுக்கும் நடுவில் சாலையோரமாக ஒரு நீலப் பலகை நிற்கிறது. பென்சில்வேனியா மாநிலம் ஊருக்கு ஊர் நட்டு வைத்திருக்கும் வரலாற்றுப் பலகைகளில் ஒன்று, மஞ்சள் எழுத்து. நம்மில் பாதிப் பேர் வேலைக்குப் போகும் வழிதான். யாரும் வண்டியை நிறுத்திப் படித்ததில்லை. வேகமாகப் போகிற சாலையில் நிறுத்துவதும் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

அங்கேதான் 1792 நவம்பர் கடைசியிலிருந்து 1793 ஏப்ரல் கடைசி வரை அமெரிக்க ஜெனரல் ஆண்டனி வெய்ன் தன் படையோடு முகாம் போட்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1791 நவம்பர் 4 அன்று, இன்றைய ஓஹையோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் செயின்ட் கிளேர் நடத்திச் சென்ற அமெரிக்கப் படையை லிட்டில் டர்ட்டிலும் புளூ ஜாக்கெட்டும் தலைமை தாங்கிய பூர்வகுடிக் கூட்டணி அடித்து நொறுக்கியது. 600க்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரே காலையில் செத்தார்கள். பூர்வகுடிகளிடம் அமெரிக்க ராணுவம் அதைவிடப் பெரிய தோல்வி கண்டதில்லை. அதன் பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் வெய்னைக் கூப்பிட்டு, படையைப் புதிதாகக் கட்டச் சொன்னார். காலாட்படை, துப்பாக்கி வீரர், குதிரைப்படை, பீரங்கி எல்லாம் கலந்த நான்கு பிரிவுகள். தொப்பியில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிவுக்கொரு நிறம். அந்தப் படைக்கு லீஜியன் என்று பெயர். முகாமுக்கு லீஜியன்வில் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

பிட்ஸ்பர்க்கிலேயே பயிற்சி கொடுத்திருக்கலாம். ஆனால் ஊர்ச் சாராயக்கடைகள் பக்கத்தில் இருக்கும்வரை இந்தப் பையன்கள் தேற மாட்டார்கள் என்று வெய்ன் ஆற்றோடு கீழே இறக்கிவிட்டார். குளிர்காலத்தில் குடிசைகளைக் கட்டவைத்து, குறிபார்த்துச் சுடவும் துப்பாக்கிக் கத்தியால் குத்தவும் பழக்கினார். அமெரிக்க ராணுவத்தின் முதல் முறையான பயிற்சி முகாம் இதுதான் என்பார்கள். அங்கிருந்து படகேறிய படைதான் 1794 ஆகஸ்ட் 20 அன்று ஃபாலன் டிம்பர்ஸில் பூர்வகுடிக் கூட்டணியை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஜெயித்தது. மறு ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் இன்றைய ஓஹையோவின் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியது.

பலகையில் நாலைந்து வரிக்குத்தான் இடம். ஆகவே 1793 வசந்தத்தில் செனகா பூர்வகுடித் தலைவர் கார்ன்பிளான்டர் இதே முகாமுக்கு வந்தது அதில் இல்லை. என் மனமும் இதயமும் இந்த நதிமேல்தான், இந்தத் தண்ணீர் என்றும் ஓடி உங்களுக்கும் எதிர்க்கரை மக்களுக்கும் சமாதான எல்லையாக இருக்கட்டும் என்ற பொருளில் அவர் வெய்னின் விருந்தில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த நதியைத் தாண்டத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு பெற்றோர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் சரி, தமிழர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. அன்று நேரமில்லாததால் பதிலை இங்கே வைக்கிறேன். அமெரிக்க சுதந்திரப் போரில், 1781 ஜூலையில் வர்ஜீனியாவின் கிரீன் ஸ்பிரிங்கில் வெய்ன் மோதியது பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் பிரபுவோடு. அதே ஆண்டு யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. அந்தக் கார்ன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானிடமிருந்து பாதி ராஜ்யத்தை எழுதி வாங்கினார். திண்டுக்கல்லும் பாராமகாலும் அப்போதுதான் கம்பெனி கைக்குப் போயின. அதாவது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மண். நம் சங்கத்தில் அந்தப் பக்கத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று உறுப்பினர் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். அங்கே அந்த உடன்படிக்கை நடந்த அதே ஆண்டில்தான் இங்கே நம் வீட்டுப் பக்கத்தில் இந்த முகாம். கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர்.

பயணத்துக்குப் பெயர் கொடுத்த குடும்பங்கள் பதினைந்து. வந்து சேர்ந்தவை நான்கு கார்கள். முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் வந்த "ஸாரி அண்ணா" செய்திகளைத் தொகுத்தால் இந்த அறிக்கையைவிட நீளமாக இருக்கும். தயாரித்த எலுமிச்சை சாதத்தில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தோம். வந்த பிள்ளைகள் மட்டும் வெய்னுக்கு இரண்டு கல்லறைகள் இருப்பதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். 1796இல் ஈரியில் புதைத்தவரை 1809இல் மகன் தோண்டி எடுக்க, உடலை வேகவைத்து எலும்பை மட்டும் பிரித்து பிலடெல்ஃபியா பக்கத்து ராட்னருக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த பயணம் எப்போது என்று கேட்டதும் அந்தப் பிள்ளைகள்தான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு, பயப்படும் அளவுக்கு இல்லை. "இதர செலவுகள்" என்ற தலைப்பில் இருப்பது முழுவதும் லீஜியன்வில் என்று ஒரு வதந்தி உலவுகிறது. ஒலிபெருக்கி வாடகையும் அதில்தான் இருக்கிறது. கையிருப்பு குறைந்ததற்குக் காரணம் சாலையோரப் பலகை அல்ல, சந்தா. உறுப்பினர்களில் கணிசமானவர்கள் இந்த ஆண்டு கட்டவில்லை. சிலருக்கு இரண்டாண்டு பாக்கி. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பொங்கல் பந்தியில் முதல் வரிசையில் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவர், பொருளாளர், சமையல் குழுவினர், அரங்கம் தந்த கோயில் நிர்வாகம், நாற்காலி மடக்கிய இளைஞர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு ஃபாலன் டிம்பர்ஸ் போகலாம் என்பது என் யோசனை. டொலிடோவுக்குப் பக்கம், இங்கிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரம், இப்போது தேசிய வரலாற்றுத் தலம். ஓர் இரவு தங்க வேண்டும், பேருந்து பிடிக்க வேண்டும். பாதிச் சந்தா வந்தாலே பேருந்து வந்துவிடும். வராவிட்டால் நான்கு கார் போதும். செயலாளர் பொறுப்புக்கு இதுவரை வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. கொடுக்க நினைப்பவர்களுக்கு விதி 7 நினைவிருக்கட்டும்: சந்தா பாக்கி இருக்கக் கூடாது. படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்