முதல் மருந்து ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி: செவிலியர் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் புற்றுநோய்த் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர். அண்மையில் ஒரு துறைக் கூட்டத்தில் சின்னதாக ஒரு கோரிக்கை வைத்தேன். கீமோ தொடங்கும் முன் நாங்கள் நிரப்பும் சரிபார்ப்புப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘இந்தச் சிகிச்சையால் பிற்காலத்தில் குழந்தை பெறும் திறன் பாதிக்கப்படலாம் என்று நோயாளியிடம் சொல்லப்பட்டதா? கருத்தரிப்பு நிபுணரைப் பார்க்க விரும்புகிறாரா?’ அவ்வளவுதான் கேட்டேன். “அது நர்ஸ் வேலை இல்லைம்மா. முதல்ல உயிர் பிழைக்கட்டும்” என்று ஒரு பதில் வந்தது. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

பின்னணியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு, புசல்ஃபான், மெல்ஃபலான், புரோகார்பசின் போன்ற கீமோ மருந்துகள் விந்தணு உற்பத்தியையும் கருமுட்டை இருப்பையும் என்ன செய்யும் என்பதும், இடுப்புப் பகுதிக்குத் தரும் கதிர்வீச்சு என்ன செய்யும் என்பதும் நீங்கள் எங்களுக்கு நடத்திய பாடங்கள்தான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ, இது பற்றிச் சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் பேச வேண்டும் என்று 2006-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2013-இல் அதைத் திருத்தியபோது, பேசும் பொறுப்பைப் புற்றுநோய் மருத்துவரோடு நிறுத்தாமல் செவிலியர், சமூகப் பணியாளர், உளவியலாளர் வரைக்கும் விரித்து எழுதினார்கள். ‘அது நர்ஸ் வேலை இல்லை’ என்பதை இதற்குப் பிறகும் ஒரு பதிலாக என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என்னை எழுத வைத்தது ஒரு பையன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். 17 வயது, தொடை எலும்பில் யூவிங் சர்கோமா என்ற புற்றுநோய். கீமோ தொடங்கும் முன் சில நாட்கள் வார்டிலேயே இருந்தான். அந்த நாட்களில் அவனுக்குச் செய்த எதையும் நான் குறை சொல்லவில்லை. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். ஐபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும் என்பதால் அதைத் தடுக்கும் மெஸ்னா மருந்தை எழுதியிருந்தார்கள். எந்த மணிக்கு எவ்வளவு என்று கோப்பில் தெளிவாக இருந்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்தார்கள். பல்லில் சொத்தை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். முடி கொட்டும், வாய்ப்புண் வரும் என்று முன்கூட்டியே உட்கார வைத்துச் சொன்னார்கள். அந்த உடம்பில் காப்பாற்ற வேண்டிய ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். விந்தணுவை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

இரண்டாவது சுற்று முடிந்த இரவு எனக்கு டியூட்டி. ட்ரிப் மாற்றப் போனேன். அவன், அம்மா தூங்கிவிட்டாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், இந்த மருந்து போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு போன்ல படிச்சேன், நிஜமா?” என்று கேட்டான். பாதிப்பு வரலாம், எல்லோருக்கும் வரும் என்றில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முன்னாடியே எடுத்து வைக்கலாம்னு அதுல போட்டிருந்துச்சு. எனக்கு ஏன் யாரும் சொல்லல?” என்றான்.

இதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று உங்களில் யாராவது எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பருவமடைந்த பையனுக்கு விந்தணு சேமிக்க அறுவை சிகிச்சை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், பெரும்பாலும் ஊசிகூட வேண்டாம். ஒரு தனி அறை, ஒரு குப்பி, ஒரு காலைப் பொழுது போதும். உறைய வைத்த விந்தணுவால் கருத்தரிக்க முடியும் என்பது 1953-இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் எல்லாம் முதல் மருந்து ஏறுவதற்கு முன்பு நடக்க வேண்டும். ஒரே ஒரு சுற்று கீமோ போன பிறகு எடுத்தாலும் விந்தணுவின் மரபணுவில் சேதம் இருக்கலாம் என்பதால்தான் முன்பே எடுக்கச் சொல்கிறார்கள். அவனுக்கு எக்கோ எடுத்த அதே நாளில், அதற்கு முன்போ பின்போ இதையும் முடித்திருக்கலாம். சிகிச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போயிருக்காது.

மறுநாள் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். மருத்துவர் குறிப்பிலும் இல்லை, செவிலியர் குறிப்பிலும் இல்லை. விசாரித்தேன். சேர்க்கையின்போது நர்ஸ்கள் பேசியிருப்பார்கள் என்று மருத்துவர் நினைத்திருக்கிறார். டாக்டர் சொல்லியிருப்பார் என்று நர்ஸ்கள் நினைத்திருக்கிறார்கள். இத்தனை பேர் இருக்கிறார்களே, முக்கியமான ஒன்று இருந்தால் சொல்லமாட்டார்களா என்று பெற்றோர் நம்பியிருக்கிறார்கள். இவர்களில் ஒருவரையும் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். படிவத்தில் அந்த வரி இருந்திருந்தால் இவர்களில் யாராவது ஒருவர் அதைக் காலியாக விட முடியாமல் போயிருக்கும். அதனால்தான் அந்த வரியைக் கேட்கிறேன்.

எங்கள் மனப்பான்மையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பல நாடுகளில் புற்றுநோய்ச் செவிலியர்களிடம் நடத்திய ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கின்றன. இது முக்கியம் என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். நோயாளியிடம் வழக்கமாகப் பேசுகிறவர்கள் குறைவு. காரணம் கேட்டால் நேரமில்லை, போதுமான அறிவு இல்லை, யாரிடம் அனுப்புவது என்று தெரியவில்லை, அது மருத்துவர் வேலை என்கிறார்கள். இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை. எனக்குக் கவலை தருவது, யாரிடம் பேசலாம், யாரிடம் வேண்டாம் என்று நாங்களே மனதுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு. கல்யாணமாகவில்லை, எனவே இப்போது எதற்கு. ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறது, போதும். வசதியில்லாத குடும்பம் மாதிரித் தெரிகிறது, சொல்லி ஏன் மனதைக் கஷ்டப்படுத்துவது. நோய் முற்றிவிட்டது, இந்த நிலையில் இதைப் பேசுவது கொடுமை.

இதில் ஒவ்வொன்றும் இரக்கத்திலிருந்து வருவது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். 22 வயதுப் பெண்ணுக்குக் குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று அவளிடம் கேட்காமலே முடிவெடுக்கும் உரிமையை எங்களுக்கு யார் கொடுத்தது? பணமில்லை என்றால் அதை அந்தக் குடும்பம் சொல்லட்டும். கடன் வாங்குவதா, உதவி தேடுவதா, வேண்டாம் என்று விடுவதா என்பது அவர்கள் பேசி முடிவெடுக்க வேண்டியது. நோய் முற்றியவர்களிடம் பேசுவது கடினம், மறுக்கவில்லை. அவர்களில் சிலர் வேண்டாம் என்பார்கள், சிலர் அழுவார்கள். ‘இவளிடம் கேட்டுப் பயனில்லை’ என்று தன்னைப் பற்றி ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள் என்பதைப் பிற்பாடு ஒருத்தி தெரிந்துகொள்வதைவிட அந்த அழுகை மோசமானதில்லை.

‘முதலில் உயிர் பிழைக்கட்டும்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். உயிரா, குழந்தையா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் நிலை பெரும்பாலான நோயாளிகளுக்கு இல்லவே இல்லை. பெண்களுக்குக் கருமுட்டை எடுத்துச் சேமிக்க இப்போது மாதவிடாய் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோயென்றால் கூடவே லெட்ரோசோல் என்ற மாத்திரை கொடுத்து ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பல மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அறுவைக்கும் கீமோவுக்கும் நடுவில் அந்த இரண்டு வாரம் இருக்கவே இருக்கிறது. இடுப்புக்குக் கதிர்வீச்சு தருவதென்றால் சினைப்பையைக் கதிர் படாத இடத்துக்கு நகர்த்தி வைக்க அறுவை உண்டு. வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கும் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கலாம். பெல்ஜியத்தில் ஒரு பெண்ணுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கான சிகிச்சைக்கு முன் 1997-இல் அப்படி எடுத்து வைத்த திசுவைத் திரும்ப உடலில் வைத்து, 2004-இல் அவருக்குக் குழந்தை பிறந்தது. அவரது சிகிச்சைக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தப் பேச்சை எடுத்திருக்கிறார்.

எல்லோருக்கும் எல்லாம் முடியாது, அதுவும் உண்மை. அக்யூட் லுகேமியா என்ற வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோயோடு வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம் கிடைக்காது. சினைப்பைத் திசுவைத் திரும்ப வைத்தால் நோயணுக்களும் கூடவே வந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. வயதுக்கு வராத சிறுவர்களுக்கு விரைத் திசுவைச் சேமிப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். அதையும் கேட்கத் தாங்கும் வலு எங்கள் நோயாளிகளுக்கு இருக்கிறது. தங்கள் நோயின் பெயரைக் கேட்டுத் தாங்கியவர்கள் அவர்கள்.

கருத்தரித்தால் புற்றுநோய் திரும்ப வந்துவிடும் என்று சக செவிலியர் சிலர் இன்னும் நோயாளிகளிடம் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்த 500-க்கும் மேற்பட்ட இளம்பெண்கள், மருத்துவர் கண்காணிப்பில் நோய் திரும்பாமலிருக்கத் தரும் ஹார்மோன் தடுப்புச் சிகிச்சையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுக் கருத்தரிக்க முயன்றார்கள். பாசிட்டிவ் என்ற அந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. ஆய்வில் கண்காணித்த காலம் வரை அவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடவில்லை. நீண்ட காலக் கண்காணிப்பு தொடர்கிறது. இதைப் படிக்க எங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். இரவில் ஒரு நர்ஸ் எத்தனை கட்டில் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். கழிவை எந்த நிறப் பையில் போடுவது என்று ஆண்டுதோறும் பயிற்சி தருகிறீர்கள், நல்லது. கையுறை, மருந்து சிந்தினால் செய்ய வேண்டியது, தீயணைப்பு எல்லாவற்றுக்கும் வகுப்பு உண்டு. ஒரு விடலைப் பையனிடம் விந்தணு பற்றி எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று என் பணிக்காலத்தில் ஒருவரும் ஒரு மணி நேரம் சொல்லித் தந்ததில்லை. அம்மாவை வெளியே காத்திருக்கச் சொல்ல வேண்டுமா, அவனிடம் முதலில் பேசுவதா, பெற்றோரிடமா, கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொன்னால் மறுபடி எப்போது கேட்பது? அம்மாவுக்கு முன்னால் கேட்டால் எந்தப் பையனும் வேண்டாம் என்றுதான் சொல்வான். இது அனுபவத்தில் தெரிவது, புத்தகத்தில் இல்லை. எங்களிடம் பேசினால் நாங்கள் சொல்வோம், கேட்க ஆள்தான் இல்லை. வார்டில் ஒரு பொருள் குறைந்தால் விளக்கம் கேட்டு உடனே ஓலை வருகிறது. ஒரு பையனுக்கு வாய்ப்பே போய்விட்டது, ஒரு வரி விளக்கம்கூட யாரும் கேட்கவில்லை.

சரி, கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன். முதல் கீமோவுக்கோ கதிர்வீச்சுக்கோ முன் நிரப்பும் படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்துத் தாருங்கள். கல்யாணம், குழந்தை, வசதி, நோயின் நிலை எதையும் பார்க்காமல், குழந்தை பெறும் வயதிலுள்ள எல்லோரிடமும் கேட்பது கட்டாயமாகட்டும். சிறு பிள்ளைகளென்றால் பெற்றோரிடம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மருந்தறையிலிருந்து முதல் மருந்து வரக் கூடாது. அவசரமாகத் தொடங்க வேண்டிய நோயாளியென்றால் அவசரம் என்று எழுதி மருத்துவர் கையெழுத்திடட்டும். விருப்பம் தெரிவிப்பவரைக் கருத்தரிப்பு நிபுணரிடம் நேரடியாக அனுப்பும் அதிகாரத்தைச் செவிலியருக்குத் தாருங்கள். இரவிலும் விடுமுறையிலும் கூப்பிட ஒரு தொலைபேசி எண் சுவரில் இருக்க வேண்டும். எண் இல்லாமல் கேள்வி மட்டும் வந்தால் நோயாளிக்கு அது இன்னொரு ஏமாற்றம்தான்.

பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் புற்றுநோய்ச் செவிலியர்களுக்கென்றே என்ரிச் என்ற பெயரில் எட்டு வார இணையவழிப் பயிற்சி நடத்தியிருக்கிறார்கள். அத்தனை வாரம் எங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஒரு நாள் தாருங்கள், ஒரு கருத்தரிப்பு நிபுணரையும் சிகிச்சை முடித்த இரண்டு பேரையும் அழைத்து வந்து எங்களோடு பேச வையுங்கள். சிகிச்சையின்போது கருத்தடை அவசியம் என்பதையும் அதே வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். கீமோ போட்டாலே கரு நிற்காது என்று நம்பிக்கொண்டு, சிகிச்சையின் நடுவில் கர்ப்பமாகிப் போய் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை படிவங்கள் அச்சுக்குப் போகும் முன் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். எல்லாப் பிரிவுகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கத் தயக்கமாக இருந்தால் எங்கள் வார்டில் மூன்று மாதம் சோதித்துப் பாருங்கள். கேள்வியை எந்த வார்த்தைகளில் கேட்பது என்று நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறோம். கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன். முடியாது என்பதுதான் உங்கள் முடிவென்றால், தயவுசெய்து அதைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்