பதினோரு அங்குல வெள்ளை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. பகலெல்லாம் உறங்கிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறாள். மகள் நன்றாகத் தேறிவிட்டாள். பத்தியச் சமையலுக்கு நான் கட்டிக்கொண்டு வந்த சுண்டைக்காய் வற்றல் தீர்ந்து, இப்போது நியூஜெர்சியில் இந்தியக் கடையில்தான் வாங்குகிறோம். உன் முழங்கால் வலியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

ஓராண்டாகப் போட்ட எண்ணெய் வண்ணம் விரிசல் விட்டதால் அதை மூன்றாவது முறையாகச் சுரண்டி எடுத்துவிட்டதாகவும், வாங்கிய வண்ணமெல்லாம் குப்பைக்குப் போனதாகவும், இனி நீர்வண்ணமே போதும் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னை நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரே ஓர் ஓவியத்தின் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். நின்ற நேரமெல்லாம் உன் நினைவுதான்.

வரைந்தவர் ஜே டிஃபியோ என்ற அமெரிக்க ஓவியர். நாம் கல்லூரி நூலகத்தில் புரட்டிய அமெரிக்க ஓவியர்கள் பற்றிய புத்தகங்களில் பொல்லாக் இருந்தார், டி கூனிங் இருந்தார். இந்தப் பெண்மணியின் பெயரைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. ஓவியத்தின் பெயர் ‘ரோஜா’. ஏறத்தாழ 11 அடி உயரம், 8 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். நடுவிலிருந்து நாலாபுறமும் கதிர்கள் விரிகின்றன. வெள்ளை, சாம்பல், அங்கங்கே கறுப்பு, அவ்வளவுதான் நிறம். ஆனால் வண்ணம் ஏறியிருக்கும் கனத்தைக் கேள்: மிகுதியான இடத்தில் 11 அங்குலம்! உள்ளே மரத்துண்டுகளும் காக்காப்பொன்னும் சேர்ந்திருக்கின்றன. மொத்த எடை கிட்டத்தட்ட ஒரு டன். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் மழையில் அரிபட்ட மலைச்சரிவு போல இருக்கிறது. விளக்கொளி கதிர்களின் ஒரு பக்கத்தில் தங்கி, மறுபக்கத்தில் நிழலாக இறங்குகிறது. கோடு போட வேண்டிய வேலையை நிழலே செய்துவிடுகிறது.

1958-இல், 29 வயதில், சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் தெருவில் குடியிருந்த வீட்டில் தொடங்கியிருக்கிறார். முதலில் சற்றுச் சிறிய கேன்வாஸ்தான். அது போதாமல் அதையே பெரிய கேன்வாஸில் ஒட்டி, தொடர்ந்து வண்ணத்தை ஏற்றினார். ஏற்றியதைக் கத்தியால் செதுக்கினார், சுரண்டினார், மறுபடி ஏற்றினார். சுரண்டி விழுந்த வண்ணம் தரையில் ஓடாகப் படிந்துவிட்டதாம். இடையில் ஓவியம் அடையாளமே தெரியாமல் பலமுறை மாறியிருக்கிறது. ஒருநாளும் அதை முடிந்தது என்று அவரால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. 1965 நவம்பரில் வாடகை உயர்ந்து வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஓவியம் வாசல் வழியாக எப்படிப் போகும்? சன்னலையும் அதன் கீழ்ச் சுவரையும் அறுத்தெடுத்து வெளியே இறக்கினார்கள். நண்பர் புரூஸ் கானர் அதைத் திரைப்படமாகப் பிடித்தார். ஓவியம் பாசடீனா அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கேயும் போய் 1966-இல் இன்னும் சில மாதம் வேலை செய்திருக்கிறார். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் ஓவியமே வரையவில்லை.

எண்ணெய் வண்ணம் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகும் என்பது நமக்குத் தெரியும். மேலே தோல் கட்டிவிட்டால் உள்ளே காற்று எட்டாது. ‘ரோஜா’வுக்கும் அதுதான் நடந்தது. உள்ளே இளகியே இருந்த வண்ணம் தன் எடையாலேயே கீழே சரியத் தொடங்கியது. பாசடீனாவிலிருந்து அதைச் சான் பிரான்சிஸ்கோ ஓவியக் கல்லூரியின் கூட்ட அறைக்குக் கொண்டுபோய் வைத்து, பாதுகாப்புப் பூச்சு பூசினார்கள். 1979-இல் ஓவியத்தை மறைத்து ஒரு சுவரையே எழுப்பிவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் கூட்டங்கள் நடந்தன. 1989-இல் டிஃபியோ இறந்தபோது ஓவியம் சுவருக்குப் பின்னால்தான் இருந்தது. 1995-இல் விட்னி அருங்காட்சியகத்தார் அதை வெளியே எடுத்து, பின்னால் எஃகுத் தாங்கல் கொடுத்து நிறுத்தினார்கள். டிஃபியோ அதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மாப்பிள்ளை நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பொல்லாக்கின் 1947 ஓவியம் ஒன்று அங்கே உண்டு. வண்ணத்துக்குள் ஆணி, பொத்தான், சாவி எல்லாம் புதைந்திருக்கும். அதை நேரில் பார்க்க ஆசைதான். ஆனாலும் பொல்லாக் வீசிப் படிந்த கனமும் டிஃபியோ எட்டு வருடம் நின்று ஏற்றிய கனமும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன். நீ வேறு கருத்துச் சொல்வாய், சொல்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சுரண்டிய வண்ணம் வீணாகிவிட்டது என்று நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. டி கூனிங் 1950-இல் வரைந்து முடித்த ‘அகழ்வு’ என்ற பெரிய ஓவியம் சிகாகோவில் இருக்கிறது. மாதக்கணக்கில் பூசியும் சுரண்டியும்தான் அது உருவானது. அகற்றிய வண்ணம் அடியில் ஒரு கறையையாவது விட்டுப்போகும். அதற்கு மேல் வைக்கும் அடுத்த நிறம் வெறும் கேன்வாஸில் வைத்ததைப் போல ஒருநாளும் இருக்காது. இப்போது கடைகளில் டெக்ஸ்சர் பேஸ்ட் வாங்கி ஒரே பிற்பகலில் மேடு பள்ளம் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டுவதே இல்லை. கை மேடு கட்டியிருக்கும், ஆனால் எந்த இடத்திலும் தயங்கியிருக்காது. நீ மூன்று முறை தயங்கியிருக்கிறாய்.

விரிசல் விட்டதற்குக் காரணம் உன் கை இல்லை, அவசரம் என்றுதான் தோன்றுகிறது. கீழடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல் என்று நம் ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பாரே. ஐப்பசி மழையில் உன் வீட்டுத் தாழ்வாரத்தில் எதுவும் சீக்கிரம் காயாது. அடுக்குக்கு அடுக்கு விரலால் தொட்டுப் பார், ஒட்டினால் விட்டுவிடு. இடையில் நீர்வண்ணம் வேண்டுமானால் செய்துகொள், தவறில்லை.

அந்தக் கேன்வாஸைத் தூக்கிப் போட்டுவிடாதே. சுரண்டிய நிலையிலேயே ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பு. நேராக நின்று எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்கு உன் கிழக்குச் சன்னலில் வெயில் சாய்ந்து விழும். அப்போது பக்கவாட்டில் உட்கார்ந்து எடு. தைக்கு நான் ஊர் திரும்பும்வரை அது சுவரிலேயே இருக்கட்டும்.

பேத்தி எழுந்துவிட்டாள், கூப்பிடுகிறார்கள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி