மெல்லிசைக் குழு ஆகிவிட்டார்களா?

அன்புள்ள மச்சி,

உன் குரல் செய்தி வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நானும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் என் செய்திகளை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய் என்று உன் வீட்டம்மா எங்கள் வீட்டில் போட்டுக் கொடுத்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஓட்டிக் கேட்க முடியாது.

முதலில் ஊர்க் கதை. மேற்கு மாம்பலத்தில் நீங்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது தகரத் தடுப்புதான் இருந்தது. மொட்டைமாடியில் நாம் டிரம்ஸ் போட்டு அடித்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, கீழ் வீட்டு மாமி ஒட்டடைக் குச்சியால் கூரையை இடித்து நமக்குத் தாளம் சொல்லித்தந்தது, எல்லாம் அந்தத் தகரத்துக்குப் பின்னால் செங்கல் பொடியாகக் கிடக்கிறது. அரச மரம் மட்டும் இருக்கிறது. அதை எத்தனை நாள் விட்டுவைப்பார்களோ. எனக்கு வலது முழங்கால் வலி. கிக் டிரம் மிதித்த கால்தான் என்று நான் சொல்கிறேன், எடைதான் என்று டாக்டர் சொல்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "உன் யோ லா டெங்கோ மெல்லிசைக் குழு ஆகிட்டாங்கடா" என்று நாம் உயிரை விட்ட அந்த ஹோபோகன் ராக் குழுவைச் சொல்லிச் சிரித்திருந்தாய். முதலில் அந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊரில் கல்யாண வரவேற்பில் பக்கத்தில் இருப்பவரிடம் சாம்பார் கேட்கக்கூட விடாமல் எட்டு ஸ்பீக்கரில் அலறுவதற்குப் பெயர் மெல்லிசை. நாம் முதன்முதலில் டிரம் செட் வாடகைக்கு எடுத்ததும் ஒரு மெல்லிசைக் குழுவிடம்தான், ஞாபகம் இருக்கிறதா? அதனால் நீ திட்டுகிறாயா பாராட்டுகிறாயா என்று புரியவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

1999இல் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலை புண்ணியத்தில் நீ அமெரிக்காவுக்கு விமானம் ஏறினாய். அடுத்த வருஷம் யாரிடமோ எனக்கு அவர்களுடைய புது சிடி ஒன்றைக் கொடுத்தனுப்பினாய். 'அண்ட் தென் நத்திங் டர்ன்ட் இட்செல்ஃப் இன்சைட்-அவுட்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். உள்ளே மடித்து வைத்த சீட்டில் எழுதியிருந்தாய்: "இவங்க தூங்கிட்டாங்க மச்சி." அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்களுடைய 1997 ஆல்பத்தில் பாடகர் ஐரா காப்லனின் கிட்டார் ஊளையிட்டதைக் கேட்டே காலேஜ் முடிந்த சோகத்தை ஆற்றிக்கொண்டவர்கள் நாம். மூன்று வருஷம் கழித்து அதே ஆள் காதோரம் முணுமுணுக்கிறார். மொத்த ஆல்பத்திலும் ஒரே ஒரு பாட்டில்தான் பழைய இரைச்சல். இரண்டு தடவை கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

அதை நான் கேட்கவே இல்லை என்பது இருபத்து மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நாங்கள் அப்போது வேளச்சேரியில் இருந்தோம். காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துங்கள் என்று மனைவி காலையிலிருந்து சொன்னாள். பார்த்துக்கொள்ளலாம் என்று நான் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ள காரின் கூரைதான் மிச்சம் இருந்தது. அப்புறம் எங்களுக்குள் பேச்சு இல்லை. கரண்ட் போனது, இன்வெர்ட்டரும் போனது, போனில் சார்ஜ் இல்லை. இருட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று பழைய டிஸ்க்மேனைத் தேடி எடுத்து, வீட்டிலிருந்த இரண்டு சுவர்க் கடிகாரங்களின் பேட்டரியையும் பிடுங்கிப் போட்டேன். கைக்கு வந்த சிடி நீ அனுப்பியது.

மச்சி, நம் வீடுகளில் ஃபேன் ஓடாத நேரம் என்று ஒன்று உண்டா? குக்கர், மோட்டார், தண்ணி லாரி, எதுவும் இல்லாவிட்டால் தலைக்கு மேல் ஃபேன். அந்த ஆல்பத்தின் பாதி அந்த ஃபேன் சத்தத்துக்குக் கீழே இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் கேட்டேன். ஆர்கன் ஒன்று அடியில் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. ஜார்ஜியா ஹப்லி டிரம்ஸை அடிக்கவில்லை, தூங்குகிற குழந்தையின் முதுகைத் தட்டுவது மாதிரி தட்டுகிறார். காப்லனும் ஹப்லியும் புருஷன் பெண்டாட்டி என்பது உனக்குத் தெரியும். ஒரு பாட்டு இரண்டு பேர் முதலில் சந்தித்ததைப் பற்றி, இன்னொன்று சண்டையைப் பற்றி. அந்தச் சண்டைப் பாட்டைக் காப்லன் பாடக்கூட இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் சமாதானம் பேசுகிறார். நான் இயர்போனில் ஒன்றைக் கழற்றி மனைவியிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், இதற்கு மேல் எழுதினால் சினிமா ஆகிவிடும். கார் கடைசிவரை ஸ்டார்ட் ஆகவில்லை.

கடைசிப் பாட்டின் பெயரிலேயே ஹோபோகன் இருக்கிறது. ஜெர்சி சிட்டியில் உட்கார்ந்துகொண்டு பாத் ரயிலில் நீ தினமும் எட்டிப் பார்க்கிற ஊர். 17 நிமிஷத்துக்கு மேல் ஓடும். அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று நீ சொல்வாய். ஒரு டிரம்மராகச் சொல்கிறேன், அத்தனை நிமிஷம் அந்த மெதுவான நடையில் ஓடவும் செய்யாமல் தொங்கவும் செய்யாமல் நிற்பது லேசு இல்லை. நாம் மேடையில் என்ன செய்தோம்? நீ கிட்டாரில் கார்டைத் தவறவிட்டால் ஆம்ப் சத்தத்தைக் கூட்டுவாய், நான் தாளத்தை விட்டால் சிம்பலில் ஓங்கி ஒரு அடி. கூட்டம் கைதட்டும். சத்தம் நமக்குப் போர்வை. இவர்கள் போர்வையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ரேடியோவில் கர்நாடக சங்கீதச் சகோதரிகள் பிருந்தா, முக்தா பாடிய பதம் வைத்தால் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க ரேடியோ பக்கத்தில் உட்காருவாள். நமக்குக் கொட்டாவி வரும். அவர்கள் பாட்டி வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசிக்கும்போது கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்குமாம். சௌக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், பாடுவதுதான் கஷ்டம் என்று அம்மா சொன்னதை நான் கிழவி பேச்சு என்று நினைத்தேன். இப்போது என் வயது அன்றைக்கு அவளுக்கு இருந்ததைவிட அதிகம்.

உடனே, அப்போது இது வயசான கதைதானே என்று நீ மடக்குவாய். அங்கேதான் நீ தப்பு செய்கிறாய். 1990இலேயே 'ஃபேக்புக்' என்று ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டு, அத்தனையும் அடங்கிய குரலில். நாம் கேட்டு மயங்கிய ஊளை அதற்கப்புறம் வந்த கூத்து. ஜேம்ஸ் மெக்நியூ பேஸ் வாசிக்க வந்து சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். 2013இல் ஊர் ஊராகப் போனபோது ஒரே கச்சேரியில் முதல் பாதி மெதுவாக, இரண்டாம் பாதி காது கிழிய வாசித்தார்கள். 2023இல் வந்த 'திஸ் ஸ்டுபிட் வேர்ல்ட்' முதல் பாட்டையே கேட்டுப் பார், ஏழு நிமிஷம் கிட்டார் அறுக்கிறது. காப்லனுக்கு அறுபது தாண்டிவிட்டது. யார் தூங்கியது?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2003இல் வந்த 'சம்மர் சன்' எனக்கும் பிடிக்கவில்லை. அதில் மெதுவாக வாசிக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அடங்கி வாசிப்பது வேறு, வாசிக்க ஒன்றும் இல்லாமல் அடங்கியிருப்பது வேறு. அந்த ஆல்பத்தை வைத்து மட்டும் நீ திட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பெயர்க் கதை உனக்குச் சொன்னேனா? 1962இல் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியில் பந்தைப் பிடிக்கப் போய் இரண்டு பேர் அடிக்கடி மோதிக்கொள்வார்களாம். ஒருவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். அதனால் மற்றவர் "யோ லா டெங்கோ" என்று கத்தக் கற்றுக்கொண்டார். நான் பிடிக்கிறேன் என்று அர்த்தம். கத்தினார், ஸ்பானிஷ்காரர் ஒதுங்கினார், ஸ்பானிஷ் தெரியாத மூன்றாவது ஆள் ஓடிவந்து மோதினார். நம் பேண்டில் அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

டிசம்பர் வருகிறது. இங்கே சபா கேண்டீன் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிட்டது, பாட்டைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. உன் பக்கத்தில் யோ லா டெங்கோவுக்கும் ஒரு சீசன் உண்டு. 2001இல் ஆரம்பித்தது, ஹனுக்கா என்ற யூதப் பண்டிகைக்கு எட்டு இரவுக் கச்சேரி. முன்பு ஹோபோகனில் மேக்ஸ்வெல்ஸ் என்ற கிளப்பில் நடந்தது. 2013இல் அதை மூடிவிட்டார்கள். நீ பதினாலு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை, அதை நான் மன்னிக்கவில்லை. பின்னால் மன்ஹாட்டன் பவரி பால்ரூமுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு இரவாவது போய்விட்டு வந்து என்னிடம் சண்டை போடு.

நான் குச்சிக்குப் பதில் டிரம்ஸ் வாசிக்கிற பிரஷ் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன், தி. நகரில். டிரம் கிடையாது, பழைய நியூஸ்பேப்பரைப் பலகையில் விரித்து அதன் மேல் பழகுகிறேன். சரசரவென்று நன்றாகவே கேட்கிறது. பதினைந்து நிமிஷத்தில் மணிக்கட்டு கழன்றுவிடுகிறது.

ஜனவரியில் வரும்போது கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு வா. ஆம்ப் வேண்டாம். இந்த வீட்டிலும் கீழே ஒரு மாமி இருக்கிறார்.

அன்புடன்,
உன் டிரம்மர்