சுவருக்கு விரதம்

செந்தூல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பூங்கொடி,

நீ அனுப்பிய முறுக்கு டின் காலியாகி மூன்று வாரம் ஆகிறது. நான் ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதானால் இப்போதே திட்டிவிடு. இங்கே எல்லாரும் நலம். இவர் ஓய்வு பெற்ற பிறகும் ஐந்தரைக்கே எழுந்து கோப்பி கேட்கிறார். ராஜேஸ்வரி டீச்சரைப் பத்துமலையில் பார்த்தேன். கையில் அதே குடை.

உன்னிடம் மன்னிப்பு ஒன்று நெடுநாளாகப் பாக்கி. 2017 நவம்பர் 4 இரவு பினாங்கு வெள்ளத்தில் உன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, அடுத்த வாரம் வந்த நான் என்ன சொன்னேன்? "தண்ணீர்தான் வடிந்துவிட்டதே, இரண்டு தடவை பெயின்ட் அடித்தால் தீர்ந்தது." நீயோ பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைத் திறந்து போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தாய். ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்று கணக்கு வேறு சொன்னாய். "சுவருக்கு விரதமா?" என்று கேட்டு, அதை நம் கூட்டம் முழுக்கப் பரப்பியவளும் நான்தான். இப்போது என் வீட்டுச் சுவர் விரதம் இருக்கிறது. சிரித்துக்கொள்.

ஆகஸ்ட் கடைசியில் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் படுக்கையறைக்குள் மூன்று நாள் சொட்டியது. வாளி வைத்தோம், துடைத்தோம், மின்விசிறியைச் சுழல விட்டோம். தொட்டால் காய்ந்ததுபோல இருந்தது. தீபாவளி வருகிறதே என்று பளபளக்கும் பெயின்டாகப் பார்த்து அடித்தேன். கழுவினாலும் போகாது என்றார் கடைக்காரர். உள்ளே இருக்கிற ஈரத்தையும் அது போகவிடாது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்த கையோடு ஒரு மக்கிய வாடை. முதலில் இவருடைய காலணியைச் சந்தேகித்தேன். பாவம், மனிதர் இரண்டு முறை கழுவினார். பிறகு எலி என்று முடிவு கட்டினோம். அதற்குள் பேரன் வந்து தங்கிய இரவுகளில் அவனுக்கு மூச்சு இளைப்பு. தன் வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். இங்கே வந்தால் மறுபடி. அன்றுதான் பயந்து அலமாரியை நகர்த்தினோம்.

பூங்கொடி, அலமாரியின் முதுகு முழுக்கக் கறுப்பு. பலகை ஊறிய பிஸ்கட்டைப்போல உப்பிக் கிடந்தது. என் கூறைப்புடவையின் அடிமடிப்பிலும் புள்ளி புள்ளியாகப் பூசணம். தண்ணீர் சொட்டிய இடம் அறையின் மறுகோடி! கான்கிரீட்டின் அடிவயிற்றோடு ஊர்ந்து போய், அங்கே யாரும் பார்க்காத மூலையில் இறங்கியிருக்கிறது. ஈரம் கிடைத்தால் பூசணத்துக்கு ஒன்றிரண்டு நாளே போதுமாம். நான் இரண்டு மாதம் விருந்து வைத்திருக்கிறேன்.

குளோரின் போட்டுத் துடைத்தேன். ஒரு வாரம் வெளுப்பு, பிறகு பழைய கறுப்பு. மேலே வெளுத்ததே தவிர, பலகைக்குள் இறங்கிய வேர் அப்படியே இருந்திருக்கிறது. பலகையைத் தூக்கி எறிந்துவிட்டேன். பெயின்டைச் சுரண்டிவிட்டு, நீ செய்ததுபோலப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடா ஒட்டிச் சுவரில் வைத்தேன். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்; உள்பக்கம் என்றால் சுவரே கக்குகிறது. சரிதானே?

இப்போது ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. நான் பால்காரிபோல ஆகிவிட்டேன். காலையில் தொட்டியை எடுத்து அளந்து நாள்காட்டியில் குறிக்கிறேன். முதல் வாரம் நாளுக்கு மூன்று லிட்டர், நேற்று ஒன்றே முக்கால். இவர் "காற்றோட்டம்" என்று சன்னலைத் திறந்துவிடுவார். நம் ஊர்க் காற்றுக்கு என்ன குறை, அதுவே பாதித் தண்ணீர்! சன்னல் திறந்தால் நான் செந்தூல் முழுவதையும் உலர்த்த வேண்டும். தினமும் சண்டைதான்.

மேல்வீட்டு அம்மா நல்லவர். தட்டு நிறையக் கூவே பலகாரம் கொண்டுவந்து, "என் வீட்டில் கசிவே இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எங்கள் அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்திலும் முதலில் கையை விரித்தார்கள். மருமகன்தான் விதியைத் தேடி எடுத்தான். எழுத்தில் கொடுத்தால் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்த 5 நாளுக்குள் 28ஆம் பாரத்தில் சான்றிதழ் தர வேண்டுமாம். கீழ்வீட்டு உட்கூரை கசிந்தால், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை மேல்வீட்டில்தான் கோளாறு என்று 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமே கருதுகிறதாம். கடிதம் கொடுத்த நான்காம் நாள் ஆள் வந்துவிட்டார். மேலே குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு செத்துக் கிடக்கிறது.

வரும் சனிக்கிழமை அந்தத் தரையைக் கொத்துகிறார்கள். அதற்கு அடுத்த வாரம் நீ ரயில் ஏறு. ஈரம் அளக்க ஓர் இரட்டை ஊசிக் கருவி வைத்திருந்தாயே, அதை எடுத்து வா. உப்புப் பூத்த சுவரில் அது கூட்டிக் காட்டும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. கதவுச் சட்டத்திலாவது குத்திப் பார்த்துச் சொல். நீ சரி என்கிறவரை பெயின்ட் டப்பாவைத் தொடமாட்டேன், பேரனையும் அந்த அறைக்குள் விடமாட்டேன். படுக்கை கூடத்தில்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

அண்ணனிடம் விரத விஷயத்தை மட்டும் சொல்லாதே.

உன்,
சரஸ்