ஏழு அங்குலத்தில் உன் பாதி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய இரண்டு ஃபைலையும் நேற்று ராத்திரி கேட்டேன். முதலில் போனில், அப்புறம் ஹெட்போனில். ஒரே இசைத்தட்டு, ஒரு பக்கம் புதுச்சேரியில் உன் அறையில் செய்தது, மறுபக்கம் இங்கே ரீயூனியன் தீவில் சேந்த்-லூயி ஊர்ப் பையன் செய்தது. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உன் பக்கம் இன்னும் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே, மாமா சொல்லாமல் வேறு யார் சொல்வது?

முதலில் நீளம். உன்னுடையது 7 நிமிடம். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் ஏழு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 4, 5 நிமிடம்தான் சுகமாக அடங்கும். அதற்கு மேல் போனால் கோடுகளை நெருக்கி வெட்ட வேண்டும்; சத்தம் குறையும், அடியில் ஒலிக்கும் பேஸ் அடிபடும். போதாததற்கு அந்தக் கீச்சொலிகளையெல்லாம் கடைசியில் வைத்திருக்கிறாய். ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறைவு. அங்கே கீச்செல்லாம் கரகரத்துப் போகும். முன்னால் கொண்டுவா.

அவன் பக்கம் 4 நிமிடம்கூட இல்லை. மும்மூன்றாக நடக்கும் இந்தத் தீவு இசையான மலோயாவை டிரம் மெஷினின் 16 கட்டத்தில் திணிக்காமல், 12 கட்டத்தோடு நிறுத்திச் சுற்றவிட்டிருக்கிறான். கரும்புப் பூத்தண்டில் கல்வாழை விதை போட்டுக் கட்டிய, ஆட்டி வாசிக்கும் காயாம்ப் அவன் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. அதைத் தொடவில்லை, வெறும் இரைச்சலை வெட்டி வெட்டியே அந்தச் சலசலப்பை வரவழைத்துவிட்டான். நீயோ இணையத்தில் ஒரு காயாம்பை இறக்கிப் போட்டிருக்கிறாய். நண்பனுக்கு மரியாதையா? விருந்துக்குப் போகிறவன் அந்த வீட்டுச் சோற்றையே கட்டிக்கொண்டு போவானா?

சரி, நான் அனுப்பிய பதிவை என்ன செய்தாய்? தீமிதிக்கு முன் கோயில் பின்புறம் தாளக்காரர்கள் வைக்கோல் கொளுத்தித் தப்பு மேளத்தைக் காய்ச்சும்போது எடுத்தது. அவர்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த இந்தத் தீவு மொழி. வீட்டில் தமிழ் போய் ரொம்ப நாளாகிறது. கருவிக்குப் பெயர் மட்டும் இன்னும் தப்புதான், 'தப்பூ' என்று இழுப்பார்கள். முதல் அடி ஈரச்சாக்கில் அடித்ததுபோல் தொப்பென்று விழும். நெருப்பில் காட்டி ஒரு தட்டு, மறுபடி காட்டி ஒரு தட்டு. தோல் இறுக இறுகச் சுருதி ஏறி, கடைசியில் டங்கென்று மதிலில் பட்டுத் திரும்பும். நடுவில் வைக்கோல் படபடக்கும், யாரோ இருமுவார். நீ எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அந்த டங்கை மட்டும் நறுக்கி, நான்கு நான்காக ஒட்டியிருக்கிறாய். அதற்கு நான் எதற்குப் புகையில் நின்றேன்?

அந்தத் தப்புக் காய்ச்சும் சத்தத்தை அப்படியே ஓடவிட்டுப் பார். அடியில் சிந்தசைசர் ஒலி ஒன்று போதும், தோல் ஏறுகிற வேகத்திலேயே அதையும் ஏற்று. கிக் டிரம் வேண்டாம்.

பதிவை அழித்துவிட்டிருந்தால் சொல், மறுபடி அனுப்புகிறேன். அந்த இருமல் என்னுடையதுதான். அதை வெட்டாதே.

அன்புடன்,
மாமா
சேந்த்-ஆந்த்ரே