மஞ்சப்பையைக் கொட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிய பிறகு, கடலூர் முதுநகரை ஒட்டிய எங்கள் மீனவர் குடியிருப்பில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பெரிய காரியம்தான். மாத்திரை வீட்டுக்குள் வந்த பிறகு நடப்பதுதான் கவலை.

என் மாமியாருக்கு 68 வயது. இன்னமும் விடிகாலையில் அன்னக்கூடையோடு மீன் விற்கப் போகிறவர். மாத்திரையெல்லாம் ஒரு மஞ்சப்பையில். திட்டத்தில் தந்த ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒன்று; தலைசுற்றல் என்று போன தனியார் கிளினிக்கில் கொடுத்தது இன்னொன்று. பெயர் வேறு, அட்டை வேறு. மருந்து அதே ஆம்லோடிபின். ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் இரண்டையும் போட்டதில் கால் வீங்கியது. நின்று நின்று விற்பதால்தான் என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார். வீக்கமே அந்த மருந்து அதிகமானதால் வந்திருக்கலாம், வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்று அப்புறம் வேறொரு மருத்துவர் சொன்னார்.

சுகர் மாத்திரை கதை இன்னும் மோசம். கிளிமெபிரைடு போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். நாலு மணிக்கு விழுங்கிவிட்டு ஏலத்துக்கு ஓடி, பத்து மணிக்குப் பழைய சோறு சாப்பிட்டால்? சர்க்கரை இறங்கி வேர்க்கும், கை நடுங்கும். வெயில் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். “சாப்பாட்டுக்கு முன்னேன்னுதானே சொன்னாங்க” என்கிறார் அத்தை. தப்பே இல்லை!

2023 ஆகஸ்டிலிருந்து 300 பிரபல மருந்து பிராண்டுகளின் பாக்கெட்டில் க்யூஆர் கோடு கட்டாயம். சரி, பட்டன் போனில் அதை எப்படி ஸ்கேன் செய்வது? நாலு மாத்திரையை வெட்டித் தந்தால் காலாவதி தேதி கடையிலேயே தங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பிரஷர் பார்க்கும்போதே, “பையை எடுத்தாங்க ஆயா” என்று எல்லாவற்றையும் பாயில் கொட்டிப் பார்க்கட்டும். சந்தேகமானதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டட்டும். தானாக எதையும் நிறுத்த வேண்டாம். உறையில் சூரியன், நிலா வரைந்து, ‘போட்டதும் சாப்பிடணும்’ என்று தமிழில் எழுதட்டும். இதற்கென்று தனி ஊக்கத்தொகையும் வேண்டும்; அவர்களுக்கு இருக்கிற வேலையே அதிகம்.

எங்கள் வீட்டில் நானே சூரியனும் நிலாவும் வரைந்து ஒட்டிவிட்டேன். நேற்று பக்கத்து வீட்டு ஆயா தன் பையைக் கொண்டுவந்து கொட்டினார். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

— ஒரு வாசகி, கடலூர் முதுநகர்